பதினெட்டு அடி ஈரம்

சொம்பு விழுந்தது. சொம்புதான், வேறொன்றும் இல்லை. உள்ளறைக்குள் இருப்பது ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி, தயிர்சோறு வைத்த போசி, தண்ணீர்ச் சொம்பு, அப்புறம் என் வீட்டுக்காரர். இத்தனையில் டங்கென்று விழக்கூடியது சொம்பு ஒன்றுதான். போசி விழுந்திருந்தால் மூடி தனியாக உருண்டு ஓடும், அந்தச் சத்தம் வரவில்லை. அவர் விழுந்திருந்தால், என்ன பேச்சு இது, வாயில் நல்லதே வராதா எனக்கு, அவர் ஏன் விழப்போகிறார், கட்டிலில் படுத்தவாக்கில் கையை நீட்டியிருப்பார், சொம்பு சாய்ந்திருக்கும். நீட்டினால் எடுக்கத்தானே நீட்டுவார், எடுக்கத் தெரியாதா அவருக்கு, முப்பது வருசம் பனியன் கம்பெனியில் ஊசிமுனை அளவு திருகாணியை மாட்டிய கை அது. நான் வாசற்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததை முறத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறேன். "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. "ஏனுங்க, சொம்பு உழுந்துதா?" கேட்ட பிறகு எனக்கே சிரிப்பு வந்தது, விழுந்தது எனக்கும்தானே கேட்டது. வந்த சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. மணி பன்னிரண்டே முக்கால்.

எனக்கும் அவருக்கும் நடுவில் பதினெட்டு அடி தரை கிடக்கிறது. சிவப்புத் தரை. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குத் தேய்த்து முடித்தது. இன்னும் ஈரம். ஓட்டுக்கு நடுவில் பதித்த கண்ணாடி வழியாக இறங்குகிற வெயில் அதில் பட்டு மினுங்குகிறது. ஏழு மாசமாக தோட்டத்துக்குள் இருக்கிற இந்தப் பழைய ஓட்டு வீட்டை, எங்கள் சாளையை, இழைத்து இழைத்துச் செய்கிறோம். ஓடு மாற்றியாயிற்று, கரையான் தின்ற விட்டத்தை எடுத்துவிட்டு வேறு போட்டாயிற்று, ஒயரிங் முடிந்தது, சுவர் பூசி வெள்ளை அடித்தாயிற்று, கதவுகளுக்குப் பச்சை பெயிண்டை அவர் கையாலேயே அடித்தார். மிச்சம் இந்தக் கூடத்துத் தரை ஒன்றுதான். இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் பால் காய்ச்சுவதென்று நாள் குறித்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. தரை போடுவது இது மூன்றாம் தடவை. முதல் தடவை ஒரு மயில் நடந்துவிட்டது. மயிலை யார் என்ன சொல்வது, ஊரில் எல்லாருடைய சோளத்தையும் தின்றுவிட்டு முருகன் பேரால் தப்பித்துக்கொள்கிற ஜென்மம். வாசலில் நுழைந்து, நடுக்கூடம் வரைக்கும் போய், ஒரு வட்டம் போட்டு, தோகையை இழுத்துக்கொண்டே திரும்பியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிடலாமே என்றேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவை நடந்தது மயில் இல்லை, நான்.

போன் அடித்தது, ஓடினேன், அவ்வளவுதான். உள்ளறைக்குள் சார்ஜில் போட்டிருந்த போன். போன் அடித்தால் எனக்குக் கால் நிற்காது. கம்பெனி வாட்ச்மேன் ஒரு தடவை கூப்பிட்டு, "உங்கூட்டுக்காரரு கையி மெஷின்ல சிக்கிருச்சுங்க" என்று சொன்ன நாளிலிருந்து அப்படி. விரல் தப்பித்தது, என் கால்தான் அன்றைக்குக் கெட்டுப்போனது. அதற்கப்புறம் மணி அடித்தால் யாரோ எங்கேயோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஓடிப்போய் எடுத்தால், உங்களுக்குப் பிடித்த பாடலைக் காலர் ட்யூனாக வைக்க ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பொம்பளை பேசுகிறாள். திரும்பிப் பார்த்தால் பதினோரு காலடி. குதிகால் அழுந்தி, விரல் ஐந்தும் தனித்தனியாக, ஒன்றையும் மறைக்க முடியாது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், மொபெட்டை எடுத்துக்கொண்டு போவார். பத்தாம் நாள் வந்து, "இந்தத் தடவெ போச்சுன்னா இந்தச் சாளைல நான் காலடி எடுத்து வெக்கமாட்டேன், நீயே இருந்துக்க" என்றார். சொன்னால் செய்கிற ஆள். என் தம்பி கல்யாணத்தில் பந்தியில் ஏதோ ஒரு வார்த்தை வந்ததற்கு இன்றுவரைக்கும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்.

அதனால்தான் இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி மாசிலாமணிக்கு முதலில் புரியவே இல்லை. "உள்ளுக்குள்ளயே மாட்டிக்குவீங்களேங்க" என்றார். "மாட்டிக்கறேன். நீங்க இங்கிருந்து ஆரம்பிச்சு வாசலுக்குப் போங்க. நா உள்ள இருந்தா ஒருத்தருக்கும் காலு வெக்கத் தகிரியம் வராது." ஒருத்தருக்கும் என்றபோது என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அங்கே வேறு யார் இருந்தார்கள். போனை என்னிடம் கொடுத்தார், "அந்தச் சனியன் உள்ளயே வேண்டாம்." உள்ளறை விட்டத்துத் தூசி காற்றில் பறந்து வந்து தரையில் ஒட்டும் என்று கதவையும் சாத்திக்கொண்டார். பழைய காலத்துச் சோளம் கொட்டி வைக்கிற அறை அது, சன்னல் கிடையாது, மேலே கூரைக்குக் கீழே கை நுழைகிற அளவு ஒரு காற்றுப் பொந்து, வாசல் இந்த ஒன்றுதான். மேஸ்திரி போகும்போது என்னிடம், "நாளைக்கு வெடியால ஆறு மணிக்கு வந்து தண்ணி கட்டறனுங்கம்மா, அது வரைக்கும் பாத்துக்குங்க" என்றார். நானும் தலையாட்டினேன். பாத்துக்குங்க. எதை?

"ஏனுங்க." ஒன்றும் இல்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதா என்ன. முப்பத்தொரு வருசத்தில் அவர் பேச்சைக் கேட்டதைவிட பேசாததைக் கேட்டதுதான் அதிகம், எது எதற்காக என்று எனக்கு அத்துப்படி. கோபமாக இருந்தால் தொண்டையை ஒரு தடவை கனைத்துவிட்டு அப்புறம் பேசாமல் இருப்பார். ஏதாவது ரிப்பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். தூங்கினால் குறட்டை, அடுத்த தோட்டத்து நாய் எழுந்துகொள்ளும். இப்போது கனைப்பும் இல்லை, குறட்டையும் இல்லை. சுவர் இரண்டடி மண்சுவர், அதனால் கேட்காமல் இருக்கலாம். சொம்பு கேட்டதே. சொம்பு பித்தளை. இன்னொரு மாதிரி பேசாமல் இருப்பது ஒன்று இருக்கிறது, அதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஐம்பத்தாறு நாள் முன்னால். ஓடு ஏற்றிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து கல்லில் உட்கார்ந்தார். முகம் முழுக்க வேர்வை. என்னுங்க என்றால் வாயு என்றார். சோடா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, தாராபுரத்தில் ஆணி வாங்கவேண்டும் என்று மொபெட்டைத் தானே ஓட்டிக்கொண்டு போய், ஆணியும் வாங்கி, பிறகு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு விழுந்தார். ஸ்டாண்ட் போட்டார். இவரை என்ன செய்வது.

கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றார். நெஞ்சு சரியில்லாதவன் என்று தெரிந்தால் அவர் அண்ணன் இளக்காரமாகப் பார்ப்பாராம், பாகம் பிரித்துக் கொடுத்த தோட்டத்தை உன்னால் பார்க்க முடியுமா, குத்தகைக்கு விடு என்பாராம். ஓசூரில் இருக்கிற மகன் நவநீதனுக்குக்கூட வாயுக்கோளாறு என்றுதான் சொன்னோம். மற்றவர்களுக்குக் கோயிலுக்குப் போனோம் என்று சொன்னோம். பிரசாதம் எங்கே என்று அவர் அண்ணி கேட்டுவிட்டாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பொரிகடலையில் கொஞ்சம் திருநீற்றுப் பொட்டலத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். அந்தப் பாவம்தான் இப்போது வந்து நிற்கிறதா? இல்லை, சொம்பு விழுந்தது, அவ்வளவுதான். ஒரு சொம்பு விழுந்ததற்கு இவ்வளவு நினைக்கிறேன். மனசு ஒரு தடவை கெட்டதைத் தொட்டால் கையை எடுக்கமாட்டேன் என்கிறது. வெங்காயத்தை உரிப்போம். ஒன்று உரித்தேன். இரண்டாவதை எடுக்கும்போது தலை நிமிர்ந்தது, முற்றத்தில் நிற்கிற மொபெட்டைப் பார்த்தேன். அதன் கண்ணாடியில் அவர் சட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் மேஸ்திரிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது கழற்றிப் போட்டது. பனியனோடு உள்ளே போயிருக்கிறார். சட்டைப் பையில் அந்த மாத்திரை இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. குளிக்கப் போனாலும் எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை, என்னிடம்.

போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன். சாளையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன், ஓடினேன் என்று சொல்கிறேன், என் முட்டிக்கு அது வேகமான நடைதான். பொந்துக்குக் கீழே நின்று, "ஏனுங்க, கேக்குதா? ஒரு கனைப்புக் கனைங்க. பேச வேண்டாம், கனைங்க போதும்" என்றேன். ஓணான் ஒன்று ஓட்டுக்குள் போனது. சுவரில் காதை வைத்தேன். புதுப்பூச்சு காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, திக்கு திக்கு என்று கேட்டது, ஒரு நிமிஷம் அது அவருடையது என்று நினைத்து உயிர் வந்தது, அப்புறம்தான் தெரிந்தது, என்னுடையது. ஏணி இல்லை, பெயிண்டர்கள் நேற்றே எடுத்துப் போய்விட்டார்கள். மாத்திரையைப் பொந்துக்குள் எறியலாம் என்று தோன்றியது. எறிந்தால் எங்கே விழும், யார் எடுப்பது, எடுக்க முடிகிறவர் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாரா. மறுபடி வாசலுக்கு வந்தேன். பலகை போட்டுப் போகலாமா. பலகையின் அச்சு விழும், காலடியைவிட அசிங்கமாக விழும். சுவர் ஓரமாகப் போகலாமா. ஓரத்தில் வெயிலே படவில்லை, அங்கேதான் ஈரம் அதிகம். உயிர் போகிற இடத்தில் நின்றுகொண்டு எது அசிங்கம் என்று யோசிக்கிறேன், என்னைப்போல ஒருத்தி உண்டா.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். எடுத்தார். எங்கேயோ கலவை மெஷின் ஓடுகிற சத்தம். "சொல்லுங்கம்மா." "ஏனுங்க மேஸ்திரி, இப்ப தரெ மேல கால் வெச்சா என்னாகும்?" அவர் அந்தப் பக்கம் பதறிவிட்டார். "ஐயோ, வெச்சறாதீங்க. கரண்டி அடிச்சு ஒண்ணரெ மணிநேரங்கூட ஆவல. அப்படியே பதிஞ்சுக்குமுங்க. மறுக்காப் போடறதுன்னா கொத்தி எடுக்கோணும், பால் காச்சறதுக்குள்ள ஆவாதுங்க. ஏனுங்க, மயிலு வந்துருச்சா?" மயில் இல்லை என்றேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, சொம்பு விழுந்தது, குரல் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. ஐம்பத்தாறு நாளாகப் பூட்டிய வாய். மேஸ்திரியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். "சும்மாத்தானுங்க கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். சும்மாத்தானாம். அடுத்த தோட்டத்துக்காரரைக் கூப்பிடலாம், இன்றைக்குத் தாராபுரம் சந்தை, ஊரே அங்கே இருக்கும். வந்தாலும் என்ன, அவரும் இந்தப் படியில் வந்து நின்று தரையைத்தான் பார்ப்பார்.

அவர் தூங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மணியிலிருந்து முழித்தவர், அசந்து போயிருப்பார், குப்புறப் படுத்தால் குறட்டை வராது. நான் இந்தத் தரையில் நடந்து போய்க் கதவைத் திறக்கிறேன். எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார், அப்புறம் தரையைப் பார்க்கிறார். இந்தச் சிவப்புத் தரை, கம்பெனி முதலாளி வீட்டில் மோட்டார் ரிப்பேருக்குப் போனபோது அவர் பார்த்து ஆசைப்பட்டதாம். குனிந்தால் தன் முகம் தெரிந்ததாம், அதுவரைக்கும் அவ்வளவு சுத்தமாகத் தன் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவர் என்னிடம் ஆசை என்று வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் இது ஒன்றுதான். வேட்டி வேண்டும், கறிக்குழம்பு வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அதை நான் இரண்டாம் தடவையும் மிதித்தேன் என்றால் இனி ஒன்பது நாள் இல்லை, இருக்கிற காலம் முழுக்கப் பேசமாட்டார். தரைக்காகப் பயப்படவில்லை, அந்தப் பேசாமைக்குத்தான் பயப்படுகிறேன். அவர் செத்துப்போய்விடுவார் என்று ஒரு பயம், சாகாமல் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார் என்று ஒரு பயம், எது பெரியது என்று இந்தப் படியில் நின்று எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், அரை மணி நேரமாக, தாலி கட்டியவள். வெட்கமாக இருக்கிறது. சொல்வதற்கு இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: தூங்கிக்கொண்டிருந்தால் என்மேல் கோபப்படுவாரே, அவர் தூங்கிக்கொண்டிருக்கக்கூடாது என்று ஒரு விநாடி நினைத்தேன். அப்படியும் நினைக்கும் போலிருக்கிறது மனசு. அந்த நினைப்பைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

செருப்பைக் கழற்றினேனா என்று ஞாபகம் இல்லை. வலது கால் இறங்கியது. சில்லென்று, மெத்தென்று, விரலுக்கு நடுவில் ஏறியது. அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக இருந்தது. வழுக்கும் என்று பயந்தேன், வழுக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு விட்டது, பிடித்துக்கொண்டு விட்டது. வாய் தானாக ஏனுங்க ஏனுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தது. நடுக்கூடத்தில் வெயில் விழுகிற இடத்தில் குனியாமலேயே ஒரு பொம்பளை முகம் கீழே தெரிந்தது, அதன்மேல் கால் வைத்துத் தாண்டினேன். புதுப் பெயிண்டில் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

அவர் தூங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என் முகத்துக்கு வரவில்லை, காலுக்குப் போனது. வாயிலிருந்து கையை எடுத்து, "வெச்சுட்டியா" என்றார். குரலே இல்லை, காற்று மட்டும் வந்தது. நான் மாத்திரையைப் பிரித்து நாக்குக்கு அடியில் வைத்தேன். பல் என் விரலில் பட்டது. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். "ஸ்டென்ட் வெச்சவருங்க, ரெண்டு மாசம் ஆகலைங்க, நெஞ்சு வலிங்க" என்று அந்த முகம் தெரியாத பெண்ணிடம் மடமடவென்று சொன்னேன், வாய்க்கால் பாலம் தாண்டி மூன்றாவது தோட்டம், பச்சைக் கதவு போட்ட சாளை என்று வழியும் சொன்னேன். பதினைந்து நிமிஷம் என்றாள். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பட்டது, பட்டது, கொஞ்சம் நின்று பட்டது.

"கூப்ட்டது காதுல உழுகலீங்களா?" என்று கேட்டேன். "உழுந்துது" என்றார்.

"அப்பறம் ஏனுங்க பேசல?"

"பேசுனா... நீ ஓடியாந்துருவே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பத்தொரு வருசத்தில் இவர்மேல் நான் கோபப்பட்டதே இல்லை போலிருக்கிறது, பயந்துதான் இருந்திருக்கிறேன். அத்தனையும் சேர்ந்து இப்போது வந்தது. வேர்வையை முந்தானையால் துடைத்தேன், கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன். "கம்முனு இருங்க. இனி நீங்க பேசவே வேண்டாம், நானே பேசிக்கறேன்" என்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது, பிடி மட்டும் பழைய பிடிதான். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் எண்ணிக்கொண்டு இருந்தேன், அவர் மூச்சை.

வண்டி வந்து நின்றது. டிரைவரும் ஒரு நர்ஸம்மாவும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். திறந்த கதவு வழியாக எனக்கு அவர்கள் முகம் தெரிந்தது. கூடம் முழுக்க ஈரச் சிவப்பு, நடுவில் ஒரே வரிசையாகக் காலடி. "அம்மா, தரெ இப்பத்தான் போட்டாப்பல இருக்குதுங்களே, பின்னாடி வேற வழி இருக்குங்களா?" என்று டிரைவர் கேட்டார். என் மடிக்குச் சரிந்திருந்த அவர் தலை அசைந்தது. உதட்டை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஓரமா" என்றார். "ஓரமா வரச் சொல்லு."

நான் நிமிர்ந்து வாசலைப் பார்த்துக் கத்தினேன். "நடுவுலயே வாங்க சாமி, நேரா நடுவுலயே வாங்க."